வினா எழவில்லை

புதன்கிழமை மாலை நான்கு இருபதுக்கு
பேரவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.
எங்கள் கேள்வி வியாழக்கிழமைக்கு இருந்தது.

நட்சத்திரக் குறியிட்டது. எண் 1147.
தட்டச்சு செய்தவள் நான்.
கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை,
மருந்துக்கடைக்கு மேல்மாடியில் உறுப்பினர் அலுவலகம்.
ஓடாத மின்விசிறிக்குக் கீழே என் மேசை.
'சீங்காரஅள்ளி ஓடையின் குறுக்கே
பாலம் அமைக்க அரசு முன்வருமா?'
முன்வருமா என்றுதான் கேட்க வேண்டும்.
எப்போது என்பது மரியாதையில்லையாம்.

திங்கட்கிழமை கெம்பம்மா வந்தாள்,
படியேறிய மூச்சோடு, செய்தித்தாள் துண்டோடு.
"தேதி குறிப்பிடாமல்னா?"
தேதி போடாமல் என்றேன்.
"சினை ஆட்டுக்கே நாங்க தேதி சொல்றோம்" என்றாள்.
கோபமில்லை. கடைக்காரனிடம்
மீதிச் சில்லறை கேட்கிற குரல்.

விளக்கிப் பார்த்தேன்.
ஒத்திவைப்பது ஒன்று, முடித்துவைப்பது வேறு.
முடித்துவைத்தால் கேள்விகள் காலாவதி.
மருந்துக்கடைக்கு மேலே உட்கார்ந்து
அந்தச் சொல்லைச் சொல்ல
எனக்கே ஒருமாதிரி இருந்தது.
இரண்டு கூட்டத்துக்கு நடுவே
ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது,
அது சட்டம் என்றேன், ஆறுதலுக்கு.
விரல்களை மடக்கினாள்.
"அப்ப ஆறு மாசம் போகலாம்."

இங்கே மாமரத்துக்கும் ஏறக்குறைய அதே கணக்கு.
ஆளுநர் உரைக்குப் பூ.
நிதிநிலை அறிக்கைக்குப் பிஞ்சு.
மானியக் கோரிக்கைகள் முடிவதற்குள்
கூழ் ஆலை வாசலில் லாரிகள்
நெடுஞ்சாலை வரைக்கும் நிற்கும்.
பிறகு ஆலைக்கும் பூட்டு, அவைக்கும் பூட்டு.
மரம் மட்டும் அப்போதும்
வேருக்குள் எதையோ செய்துகொண்டிருக்கும் என்கிறார்கள்.
அவையைப் பற்றி எனக்கு அந்த அளவு தெரியாது.

அவை இல்லாத நாளில்தான் உறுப்பினர் ஊரில் இருப்பார்.
ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம்,
ஒரு காதுகுத்து, நிழற்குடைத் திறப்பு.
"அந்தப் பாலம் கேள்வி என்னாச்சும்மா?"
என்று அவரே என்னைக் கேட்பார்.
நல்ல மனிதர்.
புது மனுவில் கையெழுத்துப் போட்டார்,
தேதியை நான் நிரப்பிக்கொள்ளட்டும் என்று.

ஐப்பசியில் ஓடை இடுப்பளவு வந்தது.
பள்ளிக்கூடப் பைகள் தலைமேல் போயின.
ஒரு டீச்சரின் மொபெட்
இரண்டு நாள் கழித்து மூங்கில் புதரில் கிடைத்தது.

குவாரி மேஸ்திரி முனிகிருஷ்ணன்
யாரிடமும் கேட்கவில்லை.
கப்பலேறப் போய், ஓரத்தில் கீறல் என்று
திரும்பி வந்த ஐந்து கிரானைட் பலகைகள்,
கடன் வாங்கிய டிராக்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை.
பையன்கள் திங்கட்கிழமை காயாத கால்சட்டையின்றிப் போனார்கள்.

நூற்று எழுபத்தெட்டாம் நாள் அவை கூடியது.
முதல் நாள் இரங்கல் தீர்மானம்; எழுந்து நின்றார்கள், கலைந்தார்கள்.
இரண்டாம் நாள் எங்கள் கேள்வி. புது எண், 63.
அமைச்சர் வாசித்த பதிலின் நகல்
வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது:

(அ) மேற்படி ஓடையைக் கடக்க வசதி உள்ளது.
(ஆ) வினா எழவில்லை.

அன்று மதியமே கெம்பம்மாவும் வந்தாள்.
இடது கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது.
"மார்கழிப் பனிக்கு வழுக்குது கண்ணு.
பளபளன்னு தேய்ச்ச பக்கத்தை
மேலே வெச்சுட்டாங்க,
பார்க்க அழகா இருக்கும்னு."
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.
பிறகு நாற்காலி நுனிக்கு வந்து, தணிந்து:
"மேஸ்திரி உளி வெச்சு
ரெண்டே நாள்ல கொத்திடறேங்கறார்.
கொத்திட்டா மறுபடியும்
அந்த வினா எழாமப் போயிடுமா?"

நான் அதற்குள் புதுப் பக்கம் திறந்து
'வழுக்குவதைத் தவிர்க்க அரசு' வரைக்கும் வந்திருந்தேன்.
தேதிக்கான இடத்தில் கோடு மினுக்கியது.

கொத்தச் சொல்லுங்க என்றேன்.
அதை மட்டும் தட்டச்சு செய்யவில்லை.